ஸ்வெட்டருக்கு ஒரு கிலோ கழிவு

"உணவின் மீது தணியாத ஆர்வமும், சிறார்பால் தாய்மை ததும்பும் பொறுமையும், எவரையும் புன்னகையால் வசப்படுத்தும் இயல்பும் கொண்ட எங்கள் ஆரோக்கிய உணவு ஒருங்கிணைப்பாளர் திரு. அலெக்சாண்டர் அவர்கள், மாணவச் செல்வங்களின் நல்லுணவுப் பழக்கத்துக்கும் சீரான உடல் எடைக்கும் இவ்வாண்டு ஆற்றிய பணி அளப்பரியது."

செண்பகனூரைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறினால் வரும் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆண்டறிக்கையில், நன்கொடையாளர் படங்களுக்கு அடுத்த பக்கத்தில் இந்த வாக்கியம் இருக்கிறது. இதில் உண்மை என்று சொல்லத்தக்கது அவருடைய பெயர்.

அலெக்சாண்டர் புவியியல் ஆசிரியர். ஐம்பதைக் கடந்தவர். மப்ளரைக் கழற்றிவிட்டால் கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டிய அளவுக்கு ஒல்லி. உணவின் மீது அவருக்கு ஆர்வம் கிடையாது. பல் தேய்ப்பது, முகம் மழிப்பது போலச் சாப்பிடுவதும் அவருக்குச் செய்து தொலைக்க வேண்டிய காரியம். பொறுமையைப் பற்றி, தக்காணப் பீடபூமியைத் தப்பான இடத்தில் வரைந்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அவர் சிரித்ததைப் பார்த்தவர் பள்ளியில் ஒரே ஒருவர், வாட்ச்மேன். அதுவும் பல்வலியாக இருந்திருக்கலாம் என்று அந்த வாட்ச்மேனே சேர்த்துக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. யார் முன்னாலும் அவர் சாப்பிட மாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் மொய்க் கவரை நீட்டிவிட்டு, பந்திக்குக் கூப்பிடும் கை தன்மேல் விழுவதற்குள் பஸ் ஏறிவிடுவார். பள்ளியில் மத்தியான மணி அடித்ததும் மேப் ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார். சுவரில் படம் காட்டும் மெஷின் வந்த பிறகு அந்த அறையில் வேறு யாருக்கும் வேலை இல்லை. சுருட்டி வைத்த கண்டங்களுக்கு நடுவே தென் அமெரிக்காவைப் பார்த்தபடி ஒரு பன்னை ஃபிளாஸ்க் டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, தூளைத் தட்டிவிட்டு வெளியே வருவார். அடுத்தவர் மெல்லும் சத்தம் அவருக்கு ஆகாது. தான் மெல்லுவது அடுத்தவர் காதில் விழுவது அதைவிட ஆகாது.

இப்படிப்பட்டவர் எப்படி உணவு ஒருங்கிணைப்பாளர் ஆனார் என்றால், அதனால்தான் ஆனார். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பழக்கத்தையும் எடையையும் கவனிக்க ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. தலைமை ஆசிரியை சிஸ்டர் அமலி மத்தியான இடைவேளையில் கூட்டம் போட்டார். எல்லா ஆசிரியர்களும் டிபன் பாக்ஸோடு வந்தார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. மேப் ரூமில் பன் தின்றுகொண்டிருந்தார். வராதவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

"நீங்கதான் சார் ரொம்ப சூட்டபிள்," என்றார் சிஸ்டர். "பாருங்க, ஒரு இஞ்ச் கொழுப்பு இல்ல உங்க உடம்புல."

ஒல்லியாக இருப்பதும் ஆரோக்கியமாக இருப்பதும் ஒன்று என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிலேயே அதிகம். அலெக்சாண்டர் வாதாடவில்லை. வாதாடினால் இன்னொரு பொறுப்பும் சேர்ந்து வரும் என்பது அவருடைய அனுபவம்.

வேலை என்னவென்றால், தினம் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றி வந்து பிள்ளைகளின் டிபன் பாக்ஸைப் பார்வையிட வேண்டும். ஒரு மனிதனுக்கு இதைவிடக் கேவலமான தண்டனையைக் கொடுத்திருக்க முடியாது என்று முதல் நாளே அவருக்குத் தெரிந்தது.

கூடத்தின் சுவரில் 'தட்டில் வானவில்' என்று ஒரு போஸ்டர் இருந்தது. நாளொன்றுக்குப் பல நிறங்களில் காய்கறி உண்ண வேண்டும் என்பது அதன் சாரம். டிபன் பாக்ஸுகளில் வானவில் இருக்கத்தான் செய்தது, காய்கறிதான் இல்லை. காலையில் கிண்டிய நூடுல்ஸ் மத்தியானத்துக்குள் ஊறிப் பருத்து, பாக்ஸின் வடிவத்திலேயே ஒரே கட்டியாக வெளியே வந்தது. அதைப் பிள்ளைகள் செங்கல்லைக் கடிப்பதுபோல் மூலையிலிருந்து கடித்தார்கள். மசாலா சிப்ஸ் தின்ற விரல்கள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. அந்த விரல்களைச் சூப்பி, ஸ்வெட்டரில் துடைத்து, மறுபடி பாக்கெட்டுக்குள் விட்டார்கள். ஒருத்தி பிரெட்டின் நடுவில் சாக்லேட் கட்டியை வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அது உருகி, மணிக்கட்டு வரை வழிந்து, அங்கே குளிரில் மறுபடி உறைந்திருந்தது. யாரோ ஒருவனின் முட்டை. அதைப் பற்றி வேண்டாம். அலெக்சாண்டர் மப்ளரை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுற்றி வந்தார்.

டவுன் பிள்ளைகளுக்காவது ஒரு நியாயம் இருந்தது. பெற்றவர்கள் ஹோம்ஸ்டேயில், டாக்ஸியில், சாக்லேட் கடையில், ஊருக்கெல்லாம் சாப்பாடு போடுகிற வேலையில் இருக்கிறார்கள்; தன் பிள்ளைக்குப் போட நேரமில்லை. அவரை உண்மையில் அருவருக்க வைத்தது பூண்டி கிராமத்து வேன்தான். மேல்மலையிலிருந்து அந்த வேனில் வரும் பிள்ளைகளின் வீட்டில் விளைவது கேரட், பீன்ஸ், பூண்டு. 'மலைக் கேரட்' என்று சொல்லி மதுரையில் அதற்கு மவுசு. அந்தக் கேரட் லாரி ஏறிக் கீழே போகும். அதே லாரி திரும்பி வருகையில் நூடுல்ஸ் பெட்டிகளை ஏற்றி வரும். கேரட்டை விற்ற வீட்டில் அதைத் தின்பார்கள்.

"வீட்டுல கேரட் இல்லையாலே?" என்று வேன் பையன் ஒருவனைக் கேட்டார். கோகுல்ராஜ் என்று பெயர். கையை மடக்கினால் எலும்பு சட்டையைக் கிழித்துவிடும் போலிருந்தான்.

"கெடக்கு சார், நெறைய கெடக்கு."

"அப்புறம் ஏன் திங்கல?"

"அது விக்கிறது சார்," என்றான் அவன், இவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற இரக்கத்தோடு.

சுற்றறிக்கையின் அடுத்த பகுதி எடை. பள்ளியில் இருந்த சின்ன எடை மெஷின் பல வருடங்களாக எல்லாரையும் ஒரே எடையாகக் காட்டிவந்தது. உதவிக்கு வந்தவர் பெற்றோர் சங்கத் தலைவர் ராஜமுருகன். பூர்வீகம் பழனி. மேல்மலையில் பூண்டு வாங்கி வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புகிற மண்டி வைத்திருக்கிறார். ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஹோம்மேட் சாக்லேட் கடையும் உண்டு. பிள்ளைகளின் ஆரோக்கியத்தில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. சாக்லேட் கடைக்கு அது இடைஞ்சலாக இருக்கவில்லை. மூட்டை நிறுக்கிற மேடைத் தராசைத் தன் வண்டியிலேயே ஏற்றி வந்து இறக்கினார்.

"இதுல பொய் சொல்ல முடியாதுங்க சிஸ்டர். ஒரு பல்லு பூண்டு கூடுனாலும் காட்டிரும்."

பெற்றோரையும் கூட்டிவைத்து, மைதானத்தில் பிள்ளைகளை விழாபோல எடை போட்டார்கள். மலையில் மழை விட்டுக் குளிர் பிடித்திருந்த நாள். தராசு பொய் சொல்லவில்லை, பொய் சொன்னது ஸ்வெட்டர்தான். பிள்ளை ஒல்லி என்றால் வீட்டில் சோறு இல்லை என்று ஊர் பேசுமே என்று பூண்டித் தாய்மார்கள் ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டரை மாட்டி அனுப்பியிருந்தார்கள். ஒருவன் கால்சட்டைப் பையில் உருளைக்கிழங்கு அகப்பட்டது. டவுன் தாய்மார்களோ பிள்ளை குண்டு என்று பேர் வரக் கூடாது என்று ஸ்வெட்டர், ஷூ, சாக்ஸ், பெல்ட் என எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நடுங்குகிற பிள்ளைகளை வரிசையில் விட்டிருந்தார்கள்.

ராஜமுருகன் இந்தப் பிரச்சனையைப் பார்த்தார், நொடியில் தீர்த்தார். மண்டியில் மூட்டையை நிறுத்தால் சாக்குக்கு என்று ஒரு கணக்குக் கழிப்பது வழக்கம்.

"சாக்குக் கழிவு மாதிரி ஸ்வெட்டருக்கு ஒரு கிலோ கழிச்சிருவோம் சிஸ்டர். எல்லாருக்கும்."

"போடாத பிள்ளைங்களுக்கு?" என்றார் அலெக்சாண்டர்.

"எல்லாருக்கும்தாங்க சார். ஆளுக்கொரு நியாயம் பேசுனா மண்டி நடக்காது."

இப்படியாக, நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் இல்லாத ஸ்வெட்டருக்காக ஒரு கிலோவை இழந்தார்கள். அதையாவது மன்னிக்கலாம். மண்டியில் இன்னொரு வழக்கம் உண்டு. எடையை மனதுக்குள் படிக்கக் கூடாது. விற்றவன், வாங்கியவன், சுற்றி நிற்பவன் எல்லார் காதிலும் விழும்படி கத்திச் சொல்ல வேண்டும். அதுதான் நாணயம். மெதுவாகச் சொன்னால்தான் அங்கே சந்தேகம். ராஜமுருகன் நாணயமானவர். ஒவ்வொரு பிள்ளையின் எடையும் எதிர்ப்புற யூக்கலிப்டஸ் மரங்கள் வரை போய்த் திரும்பி வந்தது. கூடவே ரகமும் சொன்னார். கோகுல்ராஜ் ஏறினதும் எடையைக் கத்திவிட்டு, "பொடி!" என்றார். பூண்டில் கடைசி ரகத்துக்கு அந்தப் பெயர். கூட்டம் சிரித்தது.

பிறகு ஐந்தாம் வகுப்பு ஃபெமினா ஏறினாள். உருண்டை முகம், இறுக்கமான சட்டை, எல்லாவற்றுக்கும் முதலில் சிரித்துவிடுகிற பிள்ளை. அவளுடைய அம்மா பிரின்ஸி ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல், பரிமாறல், பாத்திரம் எல்லாம். அப்பா வெளியூரில். தராசு காட்டிய எண் இங்கே வேண்டாம். அன்றைக்கே போதுமான பேர் கேட்டுவிட்டார்கள். ராஜமுருகன் கத்தினார். கழிவைக் கழித்து மறுபடி கத்தினார். அப்புறம், நல்ல மூட்டையைத் தட்டிப் பார்க்கிற பழக்கத்தில், அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "முதல் ரகம்!" என்றார். திட்டவில்லை. அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது.

மைதானமே சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். ஃபெமினாவும் வழக்கப்படி எல்லாருக்கும் முன்னால் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

அலெக்சாண்டர் சிரிக்கவில்லை, ஆனால் அந்த எண்ணை எழுதிக்கொண்டார். சின்ன வயதில் அவர் படித்தது ஒரு போர்டிங்கில். நன்கொடை கொடுக்க யாராவது வந்தால் வார்டன் அவரைக் கூப்பிடுவார். சட்டையைத் தூக்கிப் பிடித்து, விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். பிறகு ஒரு தட்டுச் சோற்றை முன்னால் வைத்து, "சாப்பிடு, பெரியவங்க பாக்கட்டும்" என்பார். பெரியவர்கள் பார்ப்பார்கள். இவர் சாப்பிடுவார். அதற்குப் பிறகு யாரும் பார்க்க அவர் சாப்பிட்டதில்லை.

எடையெல்லாம் சேர்த்து ஒரு சார்ட் தயாரானது. சிவப்பு, மஞ்சள், பச்சை. அதைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலேயே மாட்டச் சொன்னார் சிஸ்டர். உள்ளே நுழையும் பிள்ளை தன் பெயரைப் பார்த்துத் திருந்திக்கொண்டு சாப்பிடட்டும் என்று. மேலே சிவப்பில் ஃபெமினா. கீழே சிவப்பில் கோகுல்ராஜ். ஒரே வாரத்தில் இருவருக்கும் சொந்தப் பெயர் போய், முதல் ரகம், பொடி என்றாகிவிட்டது.

பலன் உடனே தெரிந்தது. அதுவரை ஃபெமினாவின் பாக்ஸில், ஹோம்ஸ்டே விருந்தாளிகள் மிச்சம் வைத்த பொரித்த கோழி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஓரம் கடித்த கேக் இதெல்லாம் இருக்கும். இப்போது அலெக்சாண்டர் பார்வையிட வருவதற்குள் அது காலியாகிக் கழுவியும் வைத்திருந்தது. ஆனால் சட்டை தொளதொளத்தது.

"பாத்தீங்களா சார், சார்ட் ஒர்க் ஆகுது," என்றார் சிஸ்டர். "ஆனுவல் டேயில மேடையிலயே மறுபடி வெயிட் பாத்து, பிரைஸ் குடுத்திரலாம். ராஜமுருகன் சார் கடையிலேர்ந்து பெரிய கிஃப்ட் பாக்ஸ் தர்றேன்னாரு."

"கிஃப்ட் பாக்ஸுன்னா?"

"சாக்லேட்தான் சார். வேற என்ன இருக்கு அவர் கடையில?"

அலெக்சாண்டர் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அடுத்த நாள் பார்வையிடப் போவதற்கு முன்பே மேப் ரூமைப் பூட்டிக்கொண்டு பன்னைப் பிரித்தபோது, ஜன்னலுக்கு வெளியே குரங்குகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல ஒழுங்காக, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. அந்தத் திசையிலிருந்து ஃபெமினா வந்தாள். பாக்ஸைத் திறந்து கவிழ்த்தாள். கோழித் துண்டுக்குச் சண்டை நடந்தது. குழாயில் பாக்ஸைக் கழுவினாள். நிமிர்ந்தவள், ஜன்னலில் மப்ளரையும், மப்ளருக்கு மேலே வாய் நிறையப் பன்னையும் பார்த்தாள்.

இருவருக்கும் ஓட வழியில்லை. அலெக்சாண்டர் விழுங்கினார்.

"என்ன பண்ற?"

"கொரங்குக்குப் போடுறேன் சார்."

"அது தெரியுது. ஏன்?"

"நீங்க ஏன் சார் கதவப் பூட்டிக்கிட்டுச் சாப்பிடுறீங்க?"

வகுப்பில் இப்படி எதிர்க்கேள்வி கேட்டிருந்தால் அவள் வெளியே நின்றிருப்பாள். இப்போது வெளியேதான் நின்றாள்.

"யாரும் பாக்கக் கூடாதுன்னு," என்றார்.

"எனக்கும் அதான் சார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நீங்கதான் ஒல்லியாச்சே," என்றாள்.

"ஒல்லியா இருந்தாலும் பாப்பாங்க."

அவள் தலையாட்டினாள். மிச்சமிருந்த பன்னை அவர் பையில் போட்டுக்கொண்டார். குரங்குகள் அதையும் கவனித்தன.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே சில நாட்களை ஓட்டினார். அதற்குள் ஒரு காலை, வழிபாட்டில் எல்லாரும் கண்ணை மூடி நின்றபோது ஃபெமினா மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, மறுநாள் பிரின்ஸி ஹோம்ஸ்டே ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் தலைமை ஆசிரியை அறைக்கு வந்தாள். அலெக்சாண்டரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"என்ன சார் பண்ணுனீங்க எம்புள்ளைய?" என்றாள். "நேத்து ராத்திரி ஒக்கார வச்சுச் சோத்த வச்சா, 'ஆனுவல் டே முடியட்டும்மா, அப்புறம் திங்கேன்'ங்கிறா. வாரக் கணக்கா ஒழுங்காத் திங்கலயாம். நான் வேல முடிஞ்சு வர்றப்ப இவ தூங்கிருப்பா. தட்டு கழுவிக் கெடக்கும். தின்னுட்டான்னு நெனச்சேன். கொரங்கு தின்னுருக்கு!"

"பிரின்ஸி, காம் டவுன்," என்றார் சிஸ்டர். "வெயிட் குறையிறது ஹெல்த்துக்கு நல்லதுதானே?"

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்படிச் சொல்லல சிஸ்டர். வளர்ற புள்ள, எளைக்க வைக்காதீங்க, ஒசரத்துல வளரட்டும், எட அதுவா சரியாயிரும்னாங்க. பட்டினி கூடவே கூடாதாம். பொரிச்சதையும் பாக்கெட்டையும் கொறைச்சுட்டு, எல்லாரும் ஒக்காந்து ஒரே சாப்பாட்டத் திங்கணுமாம். நல்லா வெளையாடணுமாம். எடையப் பத்தி அவ காது கேக்க யாரும் பேசவே கூடாதாம்." மூச்சு வாங்கினாள். பிறகு, அவளே எதிர்பாராமல், சிரித்துவிட்டாள். "எல்லாரும் ஒக்காந்துன்னா யாரு சிஸ்டர்? வெள்ளனே எந்திரிச்சு நாப்பது பேருக்குப் பூரி போடுறேன். நான் ஒக்காந்து தின்னு எத்தன வருசமாச்சு! நின்னுக்கிட்டுத்தான் திங்கேன், அதுவும் அவங்க மிச்சம் வச்சத. எம்புள்ளகூட யாரு ஒக்காருவா?"

சிஸ்டர் மேஜைக் கண்ணாடியைச் சரிசெய்தார். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாதபோது பள்ளிக்கூடங்கள் வழக்கமாகச் செய்வதைத் தானும் செய்தார்: "ஆனுவல் டே முடியட்டும், பேசலாம்."

"மேடையில ஏத்துனா அவ ஸ்கூலுக்கே வர மாட்டாளாம்," என்றாள் பிரின்ஸி. "நானும் அனுப்ப மாட்டேன்." எழுந்து போய்விட்டாள். பூரி காத்திருந்தது.

அன்று மாலை அலெக்சாண்டர் சார்ட்டைக் கழற்றினார். கிழிக்கவில்லை, காகிதத்தைக் கிழிப்பது அவருக்குப் பிடிக்காது. சுருட்டிக் கொண்டுபோய்க் கண்டங்களோடு வைத்தார். தராசு அவ்வளவு சுலபமாக இல்லை. டிரைவரும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, அதைப் பூண்டி வேனின் பின்சீட்டில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த வளைவுகளில் அரை வழிக்குள் அவருக்கு வாந்தி வந்தது. பிள்ளைகள் ஜன்னல் பக்கம் இடம் விட்டார்கள்.

பூண்டி மண்டியில் ராஜமுருகன் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். காற்றில் பூண்டு நெடி கண்ணைக் கரித்தது.

"என்னங்க சார், ரிப்பேரா?"

"இல்லைங்க. வேண்டாம்."

"விழாவுக்கு வேணுமேங்க?"

"விழாவுல ஃபெமினாவ ஏத்தல. உங்களத்தான் ஏத்தலாம்னு இருக்கேன். சங்கத் தலைவர்தான் முன்மாதிரி. மேடையில உங்க எடையப் பாத்து, நானே சத்தமாச் சொல்றேன். ரகமும் சொல்றேன்."

ராஜமுருகன் சிரித்தார். அலெக்சாண்டர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார். அவருடைய கை, அவரைக் கேட்காமலே, வேட்டிக் கட்டுக்கு மேலே புடைத்திருந்த சட்டையை இழுத்துவிட்டது.

"அது எப்படிங்க சார்? பழனியிலேர்ந்து சம்பந்தி வீட்டுக்காரங்கல்லாம் வருவாங்க. நாலு பேரு முன்னாடி..."

"ஸ்வெட்டருக்கு ஒரு கிலோ கழிச்சிருவோம்."

மண்டிக்காரருக்குக் கணக்குப் புரிய நேரம் ஆகாது. மூட்டையிலிருந்து ஒரு பூண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "அந்தப் பிள்ளைய நான் நல்லதாத்தான சொன்னேன்?" என்றார் மெதுவாக. அவர் எதையும் மெதுவாகச் சொன்னதை அலெக்சாண்டர் அதுவரை கேட்டதில்லை. பிறகு வேலையாளைக் கூப்பிட்டுத் தராசை இறக்கச் சொன்னார்.

அடுத்த நாள் மத்தியானம் மணி அடித்தபோது அலெக்சாண்டர் மேப் ரூம் வாசல் வரை போனார். சாவியைப் பூட்டில் நுழைத்தார். எடுத்தார். கூடத்துக்குப் போய், ஃபெமினாவுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, மப்ளரை இறக்கி, காகிதத்தைப் பிரித்தார்.

இத்தனை நாள் எல்லார் பாக்ஸையும் எட்டிப் பார்த்தவரின் சாப்பாட்டை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அதில் அவர்களுக்கு நியாயம் இருந்தது.

"சார், இதுதான் டிபனா?" என்றாள் ஃபெமினா.

"பன்."

"டெய்லியுமா?"

"டெய்லியும்."

"கேவலமா இருக்கு சார்," என்றான் பக்கத்தில் இருந்த கோகுல்ராஜ், பாசத்தோடு.

அலெக்சாண்டர் கடித்தார். பன் எச்சிலில் ஊறும் சத்தம் தனக்கே கேட்டது. முதுகுக்குப் பின்னால் வார்டன் நிற்பதுபோல் இருந்தது. எதிரே ஒருத்தி நூடுல்ஸ் கட்டியை உறிஞ்சினாள். இடப்பக்கம் ஒருவன் வாயைத் திறந்து மென்றான். எழுந்து ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஃபெமினா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முழுசாகத் தின்று முடிக்கும் வரை பார்த்தாள். பிறகு தன் பாக்ஸைத் திறந்தாள். பிரின்ஸி அன்றைக்கு எப்படியோ நேரம் திருடி, சோறும் பருப்பும் ஒரு முட்டையும் வைத்திருந்தாள். ஃபெமினா நாலு வாய் சாப்பிட்டாள். அலெக்சாண்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரங்குகள் காத்திருந்தன.

மறுநாள் பன்னுக்குப் பதிலாக அவரே கிண்டிய ஓர் உப்புமா வந்தது. அதைப் பிள்ளைகள் விரலால் குத்திப் பார்த்தார்கள். ஒருவன் வெளியே எடுத்துப் போய்க் குரங்குகளிடம் காட்டிவிட்டு வந்தான். அதற்கடுத்த நாள், பரிதாபம் தாங்காமல், கோகுல்ராஜ் ஒரு பை நிறையக் கேரட் கொண்டுவந்தான். விற்கிற கேரட் அல்ல. மண்ணில் கல் இடறி இரண்டு காலாகவும் மூன்று காலாகவும் பிரிந்தது, வெடித்தது, ஒன்றையொன்று பின்னிக்கொண்டது, வியாபாரி கழித்துப் போட்டது.

"மாட்டுக்குப் போடுறது சார் இது. அப்பா கேக்க மாட்டாரு."

கழித்துப் போட்டவை என்பதாலேயே அவற்றுக்குக் கூடத்தில் கிராக்கி ஏற்பட்டது. ஒரு கேரட் பேண்ட் போட்ட மனுஷன் மாதிரி இருந்தது. அதை யார் தின்பது என்று சண்டை. காலை முதலில் கடிப்பதா தலையையா என்று அதிலும் சண்டை. அலெக்சாண்டருக்கு வந்தது ஒரு முழு மூக்கு மாதிரி இருந்தது. அதை அவர் மூக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒரு வரிசையே சிரித்தது. ஃபெமினா, பழைய மாதிரி, எல்லாருக்கும் முன்னால் சிரித்தாள். அவர் அந்த மூக்கைக் கடித்தார். கேரட் மெல்லும் சத்தம் பன் மெல்லும் சத்தத்தைவிட மோசம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஒரு கூடமே அதை மெல்லும்போது, மாட்டுக் கொட்டிலில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

அந்தப் பை அதற்குப் பிறகு வழக்கமாக வந்தது. நூடுல்ஸ் கட்டி ஒழிந்துவிடவில்லை. கேரட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சின்னதாகியது. பிள்ளைகள் எதைச் சாப்பிட்டார்கள், எதை வைத்தார்கள் என்று அவர் பார்ப்பதை விட்டுவிட்டார். தன் தட்டைச் சமாளிக்கவே நேரம் சரியாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் வெரசாக மைதானத்துக்கு விரட்டினார். சத்தம் தாங்காமல்தான் விரட்டினார். அது உடற்பயிற்சி என்று பின்னால் அறிக்கையில் ஏறியது.

ஆண்டு விழாவில் தராசு இல்லை. கிஃப்ட் பாக்ஸை மட்டும் ராஜமுருகன், யாரையும் நிறுக்காமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். ஃபெமினாவும் ஒன்று தின்றாள். ஒன்றுதானே, அதில் ஒன்றும் இல்லை. அவள் எடை கூடியதா குறைந்ததா என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது, யாரும் நிறுக்கவில்லை. அடுத்த மழைக்குள் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்று பிரின்ஸி புலம்பியதை வைத்து, உயர்ந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லலாம்.

அலெக்சாண்டருக்கு இன்றும் அந்தக் கூடம் அருவருப்புதான். ஆரஞ்சு விரல்களைப் பார்த்தால் இன்றும் முகம் சுளிக்கிறார்.

ஆண்டறிக்கையில் அவரைப் பற்றி எழுத சிஸ்டர் விவரம் கேட்டபோது, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றார். பக்கம் காலியாக இருக்கக் கூடாதே என்று சிஸ்டர் தாமே எழுதிக்கொண்டார்: ஆர்வம், தாய்மை, புன்னகை, அளப்பரிய பணி.

அவர் செய்தது: தராசைத் திருப்பிக் கொடுத்தார், தினம் மத்தியானம் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்.